புஷ்பராகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புஷ்பராகம் என்று எந்தக் கல்லைச் சொல்கிறோம்?

நவரத்தினங்களுள் ஒன்றாகவும் வியாழனுக்கு உரிய கல்லாகவும் சொல்லப்படும் புஷ்பராகம், இன்றைய ரத்தின வணிகத்தில் மஞ்சள் நிறக் குருந்தக் கல்லைக் குறிக்கிறது. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவான கனிமம். தூய நிலையில் அதற்கு நிறமே கிடையாது. அதில் மிகச் சிறிதளவு குரோமியம் கலந்திருந்தால் சிவந்து மாணிக்கமாகிறது; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்திருந்தால் நீலக்கல் ஆகிறது; மஞ்சளாக அமைந்தால் அதுவே புஷ்பராகம். மாணிக்கமும் நீலமும் புஷ்பராகமும் ஒரே கனிமத்தின் மூன்று நிறங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தக் கல்லைப் பற்றிய பல குழப்பங்கள் தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

குழப்பத்துக்கு முதற்காரணம், புஷ்பராகம் என்ற அதே பெயரில் வேறு இரண்டு மஞ்சள் கற்களும் விற்கப்படுவதுதான். பல அகராதிகள் புஷ்பராகத்துக்கு ‘டோபாஸ்’ என்று பொருள் தருகின்றன. டோபாஸ் முற்றிலும் வேறொரு கனிமம். மூன்றாவது கல் சிட்ரின் எனப்படும் மஞ்சள் படிகக் கல். வட இந்திய வணிகர்கள் இதைச் சுனேலா என்பார்கள். மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும். இனி வரும் விடைகளில் புஷ்பராகம் என்ற சொல் மஞ்சள் குருந்தத்தை மட்டுமே குறிக்கும்.

கனக புஷ்பராகம், வெள்ளைப் புஷ்பராகம் என்பவை தனி வகைகளா?

தனிக் கனிமங்கள் அல்ல. பொன்னிறம் நன்கு ஊறிய மஞ்சள் குருந்தத்தைக் கனக புஷ்பராகம் என்றும், நிறமற்ற குருந்தத்தை வெள்ளைப் புஷ்பராகம் என்றும் நம் கடைகளில் அழைக்கிறார்கள். வெள்ளைப் புஷ்பராகத்தைச் சிலர் வைரத்துக்குப் பதிலாக வாங்குவது உண்டு. ஆனால் வெண்ணிற ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் ஒளிச்சிதறல் வைரத்துக்கு உள்ள அளவு குருந்தத்துக்கு இல்லாததால், எவ்வளவு நேர்த்தியாகப் பட்டை தீட்டினாலும் அந்த வண்ணப் பொறிகள் அதில் தோன்றுவதில்லை.

புஷ்பராகம், டோபாஸ், சிட்ரின் ஆகிய மூன்று மஞ்சள் கற்களையும் எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?

கண்ணால் அல்ல, அளவீடுகளால் பிரித்தறிகிறார்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவுகோலில் புஷ்பராகத்தின் கடினம் 9. இயற்கைக் கற்களில் அதற்கு மேல் இருப்பது வைரம் ஒன்றுதான் என்று நகைத் தொழிலில் தயக்கமின்றிச் சொல்லலாம். டோபாஸின் கடினம் 8, சிட்ரினின் கடினம் 7. நீரோடு ஒப்பிடும்போது புஷ்பராகம் ஏறத்தாழ 4 மடங்கும், டோபாஸ் 3.5 மடங்கும், சிட்ரின் 2.65 மடங்கும் கனமானவை. ஒரே அளவாகவும் ஒரே வடிவமாகவும் தீட்டிய ஒரு புஷ்பராகமும் ஒரு சிட்ரினும் தராசில் ஏறினால், புஷ்பராகம் 3 காரட் காட்டும் இடத்தில் சிட்ரின் 2 காரட்டைத்தான் காட்டும்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் பார்ப்பது, கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணை. புஷ்பராகத்துக்கு அது 1.76 முதல் 1.77 வரையிலும், டோபாஸுக்கு 1.61 முதல் 1.64 வரையிலும், சிட்ரினுக்கு 1.54 முதல் 1.55 வரையிலும் இருக்கும். இந்த எண்கள் ஒன்றோடொன்று நெருங்குவதே இல்லை என்பதால், கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டே சில நிமிடங்களில் கனிமத்தை உறுதிசெய்துவிட முடியும். மூன்றில் எந்தக் கல் என்ற கேள்விக்கு விடை காண்பது உண்மையில் எளிது. அந்தக் கல் இயற்கையானதா, சூடேற்றப்பட்டதா என்ற கேள்விகள்தான் கடினமானவை.

டோபாஸில் நகை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு குணம் உண்டு. அந்தக் கல் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் மிக எளிதாகப் பிளந்துவிடும். அந்தத் தளத்தில் ஓர் அடி விழுந்தால் கடினம் 8 என்பது உதவாது. குருந்தத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. தாய்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் புஷ்பராகங்களில் இரும்பு மிகுதியாக இருக்கிறது. அவற்றின் நிறம் பெரும்பாலும் அந்த இரும்பிலிருந்தே கிடைக்கிறது, வெயிலில் கிடந்தாலும் மாறுவதில்லை. இலங்கைக் கற்களில் இரும்பு குறைவு. அவற்றில், படிகத்துக்குள் மக்னீசியம் போன்ற அயல் அணுக்கள் இடம்பிடித்ததால் ஏற்படும் நிறமையங்கள் என்னும் மின்னேற்றக் குறைபாடுகள் ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சுவதால் எஞ்சியது மஞ்சளாகத் தெரிகிறது. இத்தகைய இலங்கைக் கற்கள் பலவற்றை நெடிய அலைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இளம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இரும்பு மிகுந்த கற்கள் மங்கலாகவே கிடக்கும். கல் எந்த மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இது ஒரு நல்ல முதற்குறிப்பு.

நிறமையங்களால் வந்த எல்லா மஞ்சளும் நிலையானதல்ல. வெளிறிய குருந்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அது கண்ணைக் கவரும் மஞ்சளாக மாறும். ஆனால் சில நாள் வெயில் பட்டாலே அந்த மஞ்சள் வெளுத்துவிடும். விலை உயர்ந்த கல்லை வாங்குவோர் அதன் நிறம் நிலையானதா என்று கேட்பதில் தவறே இல்லை. நேர்மையான வணிகர் அந்தக் கேள்வியால் புண்படமாட்டார்.

சிலோன் புஷ்பராகத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இலங்கையின் இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை, எலஹெர ஆகிய பகுதிகளில், ஆற்றுப் படுகைகளுக்கும் வயல்களுக்கும் அடியில் ‘இல்லம்’ எனப்படும் கூழாங்கல் படிவம் இருக்கிறது. மலைப் பாறைகள் சிதைந்து, அவற்றிலிருந்த கற்கள் நீரோட்டத்தில் உருண்டு வந்து படிந்த அடுக்கு அது. மரச்சட்டங்களால் தாங்கிய கிடங்குகளை வெட்டி, அந்த இல்லத்தை மேலே ஏற்றி, கூம்பு வடிவக் கூடைகளில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுகிறார்கள். கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கிவிடுகின்றன. கல் நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று மேலே குறிப்பிட்ட எண்ணே, அதாவது ஒப்படர்த்தியே, இங்கு வேலைசெய்கிறது. அதை எண்ணாக அறியாமலேயே பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இலங்கைக் கற்கள் தெளிவானவை. நிறம் ஒளியைக் கட்டாமல் விடுவதால் இரவு விளக்கிலும் உயிர்ப்போடு இருக்கும். பெரிய அளவிலும் கிடைக்கும். பேருவளையில் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் நடத்தும் ரத்தினச் சந்தை இன்றும் உலக வாங்குவோரை ஈர்க்கிறது. நம் கீழக்கரை வணிகர்களுக்கும் இந்தத் தொழிலில் நெடுங்காலத் தொடர்பு உண்டு.

‘பாங்காக் புஷ்பராகம்’ என்று கடைகளில் சொல்வது சற்று ஏமாற்றும் பெயர். தாய்லாந்தின் சந்தபுரி வட்டாரத்தில் பொன்பழுப்பு நிறமுள்ள நல்ல கற்கள் கிடைத்தது உண்மை. ஆனால் தாய்லாந்து உலகின் பெரிய பட்டை தீட்டும், சூடேற்றும் மையமாகவும் இருப்பதால், மடகாஸ்கரிலோ தான்சானியாவிலோ தோண்டிய கல்லும் அங்கு வந்து போன காரணத்தாலேயே பாங்காக் கல் ஆகிவிடுகிறது. மடகாஸ்கரின் இலகாகா பகுதியில் 1998இல் பெரும் படிவங்கள் கண்டறியப்பட்ட பிறகு, சந்தைக்கு வரும் கற்களில் கணிசமானவை அங்கிருந்தே வருகின்றன. அவற்றுள் சிறந்தவற்றை இலங்கைக் கல்லிலிருந்து பிரித்தறிய, தேர்ந்த ஆய்வுக்கூடங்களுக்கே நுட்பமான கருவிகள் தேவைப்படுகின்றன.

பழைய நூல்கள் இந்தக் கல்லைப் பற்றி என்ன சொல்கின்றன?

வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையின் ரத்தினப் பட்டியலிலேயே புஷ்பராகம் இடம்பெற்றுவிட்டது. கருட புராணத்தில் அதன் பிறப்புக் கதை இருக்கிறது. தேவர்களின் வேள்விக்காக உயிரை விட்ட வலன் என்னும் அசுரனின் உடற்பகுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரத்தினம் ஆனதாகவும், இமயமலையில் விழுந்த அவனது தோல் புஷ்பராகம் ஆனதாகவும் அந்தப் புராணம் கூறுகிறது. அதை அணியும் பெண்களுக்கு மகப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கையும் அங்கே பதிவாகியிருக்கிறது.

கதையைவிட எனக்கு வியப்பளிப்பது, அதே இடத்தில் வரும் ஒரு வகைப்பாடு. இந்தக் கல்லே மிகச் சிவந்திருந்தால் பதுமராகம் (மாணிக்கம்) என்றும், நன்கு நீலமாக இருந்தால் இந்திரநீலம் (நீலக்கல்) என்றும் பெயர் பெறும் என்று கருட புராணம் சொல்கிறது. மூன்றும் ஒரே பொருள் என்று வேதியியல் உறுதிசெய்தது மிகப் பிற்காலத்தில். கற்களைக் கையாண்டவர்கள் கனத்தையும் கடினத்தையும் கொண்டு அதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

தமிழில் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை விரிவாக வருணிக்கிறது. அங்கே, ‘பூச உருவின் பொலம் தெளித்தனையவும்’ என்ற அடி புஷ்பராகத்தைக் குறிக்கிறது என்பது உரை மரபு. பூச விண்மீனின் தோற்றமும் பொன்னைத் தெளித்தது போன்ற நிறமும் உடையவை என்பது கருத்து. இவற்றை உள்ளடக்கிய தொகுதியை ஒரே தோற்றத்திலிருந்து ஐவேறு அழகாகப் பிரிந்த மணிகள் என்கிறார் இளங்கோ. அந்த ஐந்தில் வைடூரியத்தையும் கோமேதகத்தையும் இன்றைய கனிமவியல் குருந்தமாக ஏற்காது. எனினும் மாணிக்கத்தையும் நீலத்தையும் புஷ்பராகத்தையும் ஓரினமாகக் கண்ட பார்வை தவறானதல்ல.

அரபு உலகிலும் இதே பார்வை இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் யாகூத் என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி, கல் வெளியேற்றும் நீரை அளந்து ரத்தினங்களின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டார். இன்றைய ஆய்வுக்கூடங்களும் அடிப்படையில் அதையே செய்கின்றன. 1344இல் இலங்கைக்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, அங்குக் கிடைக்கும் மாணிக்கங்களில் சிவந்தவையும் மஞ்சளானவையும் நீலமானவையும் உண்டு என்று எழுதியிருக்கிறார். 100 பணம் மதிப்புடைய கற்களை அரசர் விலைகொடுத்து எடுத்துக்கொள்வார், அதற்குக் குறைந்தவை கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்ற வழக்கத்தையும் அவர் குறித்துள்ளார்.

பிறகு ஏன் இதை டோபாஸ் என்று மொழிபெயர்த்தார்கள்?

ஐரோப்பிய வணிகர்கள் நெடுங்காலம் மஞ்சள் கற்கள் பலவற்றையும் டோபாஸ் என்றே அழைத்தார்கள். கிழக்கிலிருந்து வந்த மஞ்சள் குருந்தத்துக்கு ‘ஓரியண்டல் டோபாஸ்’ என்று பெயர். அந்தப் பெயரிலிருந்த அடைமொழி அகராதிகளில் உதிர்ந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், செங்கடலின் ஒரு தீவிலிருந்து வந்ததாகப் பண்டைய கிரேக்கரும் ரோமரும் சொன்ன டோபாஸ், இன்றைய டோபாஸே அல்ல. அந்தத் தீவில் கிடைப்பது பச்சை நிறப் பெரிடாட். உண்மையான மஞ்சள் டோபாஸுக்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியும், பிரேசிலின் ஓரோ பிரேட்டோ வட்டாரமும் புகழ்பெற்றவை. கொதிக்கும் நீரில் டோபாஸை இட்டால் கொதி அடங்கிவிடும் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினார்கள். செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் இத்தகைய செய்திகள் நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதப்பட்டன.

வியாழனுக்கும் புஷ்பராகத்துக்கும் என்ன தொடர்பு?

ஒன்பது கோள்களுக்கு ஒன்பது ரத்தினங்கள் என்ற மரபில், பொன்னிறத்தவராகச் சொல்லப்படும் குருவுக்குப் பொன்னிறக் கல் அமைந்தது. தனுசும் மீனமும் குருவின் ஆட்சி வீடுகள் என்பதால், அந்த ராசியினருக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவிலும் புஷ்பராகம் வடக்கிலும் அமைய வேண்டும் என்பது மரபு. இது தாய்லாந்து வரை சென்றது. அங்கே 1851இல் மன்னர் மோங்குட் நிறுவிய நவரத்தின விருதின் ஒன்பது கற்களில் இதுவும் ஒன்று. தாய் மொழியில் இதன் பெயரான ‘புட்சராகம்’ நம் காதுக்கு அயலாக ஒலிப்பதில்லை.

தமிழ்நாட்டில் குரு வழிபாட்டுக்கு ஆலங்குடிக்குச் செல்பவர்களே மிகுதி. அங்கே மக்கள் குருவாக வணங்கும் தட்சிணாமூர்த்தி, ஞானம் அருளும் சிவ வடிவம். நவக்கிரகங்களுள் ஒருவரான வியாழன், தேவர்களின் ஆசானாகிய பிரகஸ்பதி. இருவருக்கும் மஞ்சள் ஆடையும் கொண்டைக்கடலை மாலையும் சாத்தும் வழக்கம் கலந்துவிட்டதால், வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. தஞ்சாவூருக்கு அருகிலுள்ள திட்டையில் நவக்கிரக குருவுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது.

எவ்வாறு அணிய வேண்டும் என்கிறார்கள்?

பொன்னில் பதித்து, வியாழக்கிழமை காலையில், வலக்கை ஆள்காட்டி விரலில் அணிவது பரவலான வழக்கம். பாலிலோ மஞ்சள் நீரிலோ கழுவிப் பூசையில் வைத்து எடுப்பார்கள். கல்லின் அடிப்பகுதி விரலைத் தொடும்படி மோதிரத்தின் அடியைத் திறந்து விடுவார்கள். கல்லைக் கட்டுபவரின் நோக்கில் இந்த வழக்கத்துக்கு ஒரு நன்மை உண்டு: அடி திறந்திருந்தால் கல்லுக்குப் பின்னால் நிறத்தாளோ பூச்சோ வைத்து ஏமாற்ற இயலாது.

அணிந்தால் பலன் உண்டா?

திருமணம், கல்வி, மகப்பேறு, செல்வம் ஆகியவற்றைப் புஷ்பராகம் தரும் என்பது நம்பிக்கை. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நம்பிக்கையோடு அணிபவரைப் பரிகசிக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் வாங்கிப் பரிகாரக் கல் வாங்குவதையும், மருத்துவரிடம் போகவேண்டிய நோய்க்கு மோதிரம் செய்துகொள்வதையும் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. சோதிடரே கல்லையும் விற்பவராக இருந்தால், அவரது பரிந்துரையைச் சற்று எட்ட நின்று கேட்பது நல்லது.

சூடேற்றிய கல் என்றால் போலியா?

இல்லை. குருந்தத்தை ஆக்சிஜன் மிகுந்த உலையில் உயர் வெப்பத்துக்கு உட்படுத்தினால் வெளிறிய மஞ்சள் அடர்ந்து பொன்னிறமாகும். அந்த நிறம் நிலையானது. சந்தையில் உள்ள கற்களில் பெரும்பங்கு இவ்வாறு சூடேற்றப்பட்டவையே. அதை மறைத்து, சூடேற்றாத கல்லின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

பெரிலியம் ஊட்டிய கற்களின் கதை வேறு. 2001இன் இறுதியிலும் 2002இன் தொடக்கத்திலும், வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் குருந்தங்கள் தாய்லாந்திலிருந்து பெருமளவில் வந்தன. ஏறத்தாழ 1800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பெரிலியம் கொண்ட கனிமத்தோடு சேர்த்து அந்தக் கற்களை வாட்டியிருக்கிறார்கள் என்பதை ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்தன. பெரிலியம் கல்லுக்குள் ஊடுருவி நிறத்தை உண்டாக்குகிறது. சாதாரணச் சூடேற்றத்தில் கல் தன்னிடம் உள்ளதையே வெளிக்காட்ட, இதிலோ வெளியிலிருந்து ஒரு தனிமம் புகுத்தப்படுகிறது. இத்தகைய கற்களின் மதிப்பு மிகக் குறைவு. பெரிலியத்தின் அளவு மிகமிகச் சிறியது என்பதால் லென்ஸால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. லேசர் கொண்டு கல்லின் நுண்துகளை ஆவியாக்கி அளக்கும் கருவிகள் வேண்டும்.

சூடேற்றாத கல்லுக்கு அழகான சான்று ஒன்று உண்டு. சில இலங்கைக் கற்களின் உள்ளே இருக்கும் நுண்குழிகளில் திரவக் கார்பன் டை ஆக்சைடும் அதனுள் ஒரு சிறு வாயுக் குமிழியும் அடைபட்டிருக்கும். உலையில் வைத்திருந்தால் அந்தக் குழி வெடித்துச் சிதைந்திருக்கும். சிதையாமல் இருப்பதே கல் நெருப்பைக் காணவில்லை என்பதற்கு அடையாளம். இந்தக் குமிழி 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டுவதற்குள் மறைந்து, கல் குளிர்ந்தால் மீண்டும் தோன்றும். நம் ஊர் மே மாதத்தில் இதைப் பார்க்க விரும்புபவர் குளிரூட்டிய அறைக்குத்தான் போக வேண்டும்.

செயற்கைப் புஷ்பராகம் எப்படி இருக்கும்?

அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902இல் அறிவித்தார். அவ்வகையில் செய்த கல்லுக்கு இயற்கைக் கல்லின் கடினமும் கனமும் ஒளிவிலகல் எண்ணும் அப்படியே இருக்கும். ஆகவே முன்னே சொன்ன அளவீடுகள் இங்குப் பயன்படா. உருக்கி வளர்த்த கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கும், இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவே செல்லும். மஞ்சள் கல்லில் அந்த வளைவுகள் எளிதில் கண்ணுக்குத் தென்படா என்பதுதான் சிக்கல். பெரிதாகவும் மாசு மருவின்றியும் மலிவாகவும் ஒரு கல் கிடைத்தால், அதை முதலில் ஐயத்தோடு நோக்குவதே முறை.

வீட்டிலேயே சோதிக்க முடியாதா?

பாலில் ஒரு நாள் ஊறவைத்தால் நிறம் மாறாது, கண்ணாடியைக் கீறும், மூச்சை ஊதினால் பனி உடனே மறையும் என்றெல்லாம் சொல்வார்கள். டோபாஸும் சிட்ரினும் செயற்கைக் குருந்தமும் பாலில் நிறம் மாறுவதில்லை. மூன்றும் கண்ணாடியைக் கீறும். இந்தச் சோதனைகளால் சாயம் பூசிய கண்ணாடித் துண்டை வேண்டுமானால் ஒதுக்கலாம்.

எடையை எந்த அளவில் சொல்கிறார்கள்?

ஒரு காரட் 0.2 கிராம். சோதிடர்கள் பலர் ரத்தி என்னும் பழைய அளவில் சொல்வார்கள். அது நம் குன்றிமணி எடை, ஏறத்தாழ 0.12 கிராம். சந்தையில் சிலர் ரத்தியைக் காரட்டுக்கு மிக நெருங்கிய எடையாகக் கணக்கிடுவதால், ஒரே சொல் கடைக்குக் கடை வெவ்வேறு எடையாகிறது. விலை பேசும்போது காரட்டிலேயே பேசி, பில்லிலும் காரட்டையே எழுதச் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு எப்படி?

வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். சந்தனமும் எண்ணெயும் மோதிரத்தின் அடியில் படிந்தால் கல் மங்கியதாகத் தோன்றும், கழுவினால் தெளிந்துவிடும். வைரத்தோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது, வைரம் இதைக் கீறிவிடும். மோதிரத்தைப் பற்றவைத்துச் சீர்செய்யும்போது கல்லைக் கழற்றிவிடச் சொல்வது பாதுகாப்பானது.

பரிசோதனைச் சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கனிமத்தின் பெயர். புஷ்பராகம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ‘இயற்கைக் குருந்தம்’ அல்லது ‘இயற்கை மஞ்சள் சஃபையர்’ (மஞ்சள் குருந்தத்தின் ஆங்கிலப் பெயர்) என்று தெளிவாக இருக்க வேண்டும். அடுத்து, சூடேற்றியதற்கான அறிகுறி உண்டா இல்லையா என்ற வரியையும், பெரிலியம் சோதிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரணச் சான்றிதழ்கள் பலவற்றில் பின்னது இருக்காது, தனியே கேட்டுப் பெற வேண்டும். பிறந்த நாடு என்பது ஆய்வுக்கூடத்தின் கருத்தே அன்றி அளவீடு அல்ல. கடைசியாக, சான்றிதழில் உள்ள எடையையும் நீள அகலங்களையும் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல கல்லுக்கு வாங்கிய சான்றிதழை வேறொரு கல்லோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. மோதிரத்தில் பதித்துவிட்டால் எடைபோட முடியாது என்பதால், இந்த ஒப்பீட்டைக் கல் தனியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.